செம்மறிக் குட்டிகளுக்கு வயிற்றுப்புழு ஊசி: ஆர்மிடேல் பண்ணையில் ஒரு கோடை

ஆட்டுக்குப் புழு என்றால் தாடையைப் பிடித்து வாயோரமாக மருந்தைப் புகட்டுவதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். கரூர் பக்கம் எங்கள் பட்டியில் அவ்வளவுதான். புழுவுக்குத் தடுப்பூசியே உண்டு என்பதை ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் ஆர்மிடேல் பக்கம் ஒரு செம்மறிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கண்ணால் பார்த்தேன். முதல் ஊசி முதல் கடைசி ஊசி வரை கூடவே நின்றவன் என்பதால் எழுதுகிறேன். ஆட்டு மருத்துவர் இல்லை, ஆடு பிடிக்கிற ஆள்.

புழு நம்மூரில் இருக்கிற அதே ஹீமோங்கஸ்தான். ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். செத்த குட்டி ஒன்றின் இரைப்பையைக் கீறிக் காட்டினார்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் நெளிகிற புழுக்கள், உடம்பில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டு. சிவப்பு குடித்த ரத்தம், வெள்ளை அதன் கருப்பை. ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும் என்கிறார்கள். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி, அதுவும் தினமும், ஒரு சின்னக் குட்டியின் உடம்பிலிருந்து! கீழ் இமையை இழுத்தால் வெளுத்துக் கிடக்கும், தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும், மந்தையை ஓட்டினால் நாலு எட்டு வைத்துப் படுத்துவிடும். சில குட்டிகள் அந்த அறிகுறி எதையும் காட்டாமலே ஒரே நாளில் விழுந்துவிடும்.

ஆர்மிடேல் மேட்டுநிலம். மழை கோடையில் கொட்டும், புல் ஈரமாகவே இருக்கும். ஒரு பெண் புழு நாளைக்கு 5,000க்கு மேல் முட்டையிடும், அது புழுக்கையோடு புல்லில் விழுந்து பொரித்து மறுபடியும் ஆட்டு வாய்க்கே போகும். மருந்தைப் புகட்டிப் புகட்டி, பல மருந்துகளுக்குப் புழு இப்போது அசைவதே இல்லை. ஊசிக்கு மாறியதற்கு அதுதான் காரணம், புதுமை ஆசை இல்லை.

ஊசியின் பெயர் பார்பர்வாக்ஸ். ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனமும் மேற்கு ஆஸ்திரேலிய வேளாண் துறையும் சேர்ந்து கொண்டுவந்தது, 2014இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. அதைச் செய்கிற விதம் எனக்கு இன்னும் வியப்புதான். ஆட்டின் வயிற்றிலிருந்து புழுக்களையே எடுத்து, அவற்றின் குடலில் இருக்கும் புரதத்தைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். ஊசி போட்ட ஆட்டின் ரத்தத்தில் அந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ஓடும், புழு ரத்தத்தைக் குடிக்கும்போது அதையும் சேர்த்தே குடிக்கும், குடல் கெட்டு, செரிக்காமல், முட்டையிடுவது குறைந்து, கடைசியில் சாகும். ஒரு சிக்கல் என்னவென்றால், புழுவின் குடல் ஆட்டின் உடம்புக்கு வழக்கமாகத் தெரியாத இடம். அதனால் புழு ஏறினாலும் எதிர்ப்பு தானாகக் கூடாது, நாம்தான் திரும்பத் திரும்ப ஊசி போட்டு நினைவூட்ட வேண்டும்.

குட்டிகளுக்கு வால் நறுக்கி, காதுத் தோடு மாட்டுகிற அன்றைக்கே முதல் ஊசி. மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது. இந்த இரண்டும் அஸ்திவாரம்தான், பெரிதாகக் காப்பாற்றாது, ஊசி போட்டாச்சே என்று அந்த இடைவெளியில் யாராவது நிம்மதியாக இருந்தால் குட்டி போய்விடும். மூன்றாவது ஊசி பால் மறக்கடிக்கிற சமயத்தில், கூடவே வேலை செய்கிற புழு மருந்தும் புகட்டினோம். உண்மையான பாதுகாப்பு அதற்கப்புறம்தான் வரும், அதுவும் ஆறு வாரம் தாங்கும். பிறகு ஆறு வாரத்துக்கு ஒன்றாக நான்காவது, ஐந்தாவது.

அளவு 1 மில்லி, எல்லாக் குட்டிக்கும் ஒன்றே. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, துப்பாக்கி மாதிரி இருக்கும் கருவியில் குழாயை மாட்டி, குமிழி போகும் வரை அழுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். குட்டிகளை இருபுறமும் வேலியடைத்த ஒடுக்கமான நடைவழியில் நெருக்கி நிறுத்துவோம், கெல்பி என்கிற ஆட்டுப்பட்டி நாய் அவற்றின் முதுகின்மேலேயே ஏறி ஓடி முன்னால் தள்ளும். காதுக்குப் பின்னால் கழுத்தின் மேல்பகுதித் தோலைக் கூடாரம் போலத் தூக்கி அடியில் குத்த வேண்டும். குட்டித் தோல் மெல்லிசு, ஊசி மறுபக்கம் வந்துவிடும், அப்போது மருந்து ரோமத்தில்தான் போகும். தொட்டால் ஈரம் கைக்குத் தெரியும், உடனே மறுபடி போடுவோம். மழையில் நனைந்த நாளில் போடுவதில்லை, கட்டி வந்துவிடும். போட்டதற்கு நெற்றியில் நீலச் சாயம்.

பெரிய தலைவலி ஊசி இல்லை, தேதி. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மந்தையைத் திரட்டுவது லேசான வேலையா? ஒரு தவணை தள்ளிப்போனால் முன்பு போட்டதன் பலன் கரையத் தொடங்கிவிடும். வேலையாள் இல்லாத பண்ணைக்கு இது ஒத்துவராது என்றே நினைக்கிறேன். மாமா பையன், "ஒரு பாட்டில் அனுப்புடா மாப்ளே" என்றான். ஐந்து தவணையும், வழி முழுக்க 2 முதல் 8 டிகிரி குளிரும் வேணும்டா என்றதும் பேச்சை மாற்றிவிட்டான்.

ஊசி முழுச் சுவரும் இல்லை. முட்டை எண்ணிக்கையை நன்றாகக் குறைக்கும், பூஜ்ஜியம் ஆக்காது. கழிச்சல் வரவைக்கிற மற்ற புழுக்களை அது தொடவே தொடாது. எங்கள் குட்டிகளில் ஹீமோங்கஸ் அடங்கிக் கிடந்தது, ஆனால் மார்ச்சில் சில குட்டிகளின் பின்பக்க ரோமம் கழிச்சலில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாணத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி, வேறு புழு என்று உறுதியான பிறகு அந்த மந்தைக்கு மட்டும் மருந்து புகட்டி, வெள்ளாமை அறுத்த காட்டில் மேய விட்டோம்.