ஒரே ஜோடி, இரண்டு கல்யாணம், ஒரு ரத்து

பிரிட்டிஷ் அரச குடும்ப மரத்தில் மூன்று வாரமாக மல்லுக்கட்டிய சஸ்ஸெக்ஸ் கிளை நேற்று ராத்திரிதான் ஒழுங்காகப் படமாக விழுந்தது. மூன்றாம் ஜார்ஜின் ஆறாவது மகன் அகஸ்டஸ், அவர் கைப்பிடித்த அகஸ்டா மர்ரே, இரண்டு பிள்ளைகள். நாலே பேர்தானே என்று கடைசிக்கு வைத்திருந்தேன். அதுதான் தப்பு.

இந்த ஜோடி இரண்டு தடவை கல்யாணம் செய்துகொண்டது. 1793 ஏப்ரல் 4 அன்று ரோமில் ரகசியமாக. அப்புறம் டிசம்பர் 5 அன்று லண்டன் ஹனோவர் சதுக்கத்து செயின்ட் ஜார்ஜ் கோயிலில், பட்டம் எதையும் சொல்லாமல் வெறும் பெயரோடு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து. அடுத்த ஜனவரி 13 அன்று மகன் பிறந்துவிட்டான். 1772-ஆம் வருட அரச திருமணச் சட்டப்படி அன்று அரசரின் சம்மதம் வேண்டியிருந்தது. 25 வயது தாண்டியிருந்தால் பிரிவி கவுன்சிலுக்கு (அரசரின் ஆலோசனைச் சபை) நோட்டீஸ் கொடுத்து ஒரு வருடம் காத்திருந்திருக்கலாம். மாப்பிள்ளைக்கு வயது இருபது. 1794-ல் கல்யாணம் ரத்து. மகள் பிறந்ததோ 1801-ல்!

கிராம்ப்ஸ் என்ற குடும்ப மர மென்பொருளில் இரண்டு கல்யாணத்துக்கு இரண்டு குடும்பப் பதிவு போட்டேன். ஏற்கெனவே இதே பெற்றோருக்கு ஒரு குடும்பம் இருக்கிறதே என்று அது எச்சரித்தது, நான் கேட்கவில்லை. வரைபடத்தில் அகஸ்டா இரண்டு மனைவியாக நின்றாள், அண்ணன் ஒரு கட்டத்தில், தங்கை இன்னொன்றில். சரி என்று இரண்டையும் இணைத்து, ஒரே குடும்பத்தின் கீழ் இரண்டு திருமண நிகழ்வு, ஒரு ரத்து நிகழ்வு என்று தேதியோடு கொடுத்தேன். உறவு வகைக்கு 'மணமானவர்' என்றும் போட மனமில்லை, 'மணமாகாதவர்' என்றும் போட மனமில்லை. 'செல்லாத மணம்' என்று நானே தட்டிவிட்டேன். ஏற்றுக்கொண்டது.

அடுத்த தலைவலி குடும்பப் பெயர். பிள்ளைகளுக்கு ஹனோவர் வம்சத்தின் பழைய வேரான எஸ்தே வீட்டுப் பெயரை வைத்து டெஸ்தே என்றார்கள். அண்ணனுக்குச் சேர்த்தே எழுதிவிட்டு, தங்கைக்கு 'டி'யை முன்னொட்டுக் கட்டத்தில் போட்டிருக்கிறேன். முன்னொட்டை வரிசைக்குக் கணக்கில் எடுக்காது. ஒருத்தர் 'டெ'யில், ஒருத்தர் 'எ'யில். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.

மகன் 1844-ல் பிரபுக்கள் சபையில் அப்பாவின் சஸ்ஸெக்ஸ் கோமகன் பட்டத்தைக் கேட்டுத் தோற்றார். வெளிநாட்டில் நடந்த கல்யாணத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று முடிந்தது. அவருக்காக வாதாடிய தாமஸ் வைல்டைத்தான் தங்கை அடுத்த வருடம் மணந்தார்! எனக்கு அதைவிட மனதில் நின்றது அண்ணனின் நாட்குறிப்பு. 1822-ல் பார்வை மங்கியதில் தொடங்கி இருபது வருடத்துக்கும் மேலான தன் நோயை எழுதி வைத்திருக்கிறார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் பற்றி நோயாளியே எழுதிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று என்கிறார்கள். அதை முழுசாகக் குறிப்பில் ஏற்றியதில் கட்டம் பெருத்துவிட்டது, சுருக்கவேண்டும்.

பிரிண்ட் எடுக்கப்போன கடையில் தமிழ் எழுத்தெல்லாம் சதுரம் சதுரமாக வந்தது. இனிமேல் படமாக மாற்றித்தான் கொடுப்பேன். அகஸ்டாவின் அப்பா, வர்ஜீனியாவின் கடைசி அரச ஆளுநர் டன்மோர் பிரபு. அந்தப் பக்கம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. அதற்குள் கை கேம்பிரிட்ஜ் கோமகன் ஜார்ஜின் 1847 கல்யாணத்துக்குப் போய்விட்டது. அங்கே மூன்று பையன்கள், இரண்டு பேர் கல்யாணத்துக்கு முன்னாலேயே பிறந்தவர்கள். இந்தத் தடவை ஒரே குடும்பப் பதிவுதான்.