கண்ணாடியில் ஒட்டிய போன்

குமுளியில் இருந்து கம்பத்துக்கு இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் போன் ஸ்டாண்ட் முன்கண்ணாடியை விட்டுக் கழன்று, சரியாக பிரேக் பெடலுக்குக் கீழே போய் விழுந்தது. எதிரே லோடு லாரி. பக்கத்தில் இருந்த அத்தான் குனிந்து எடுப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. வெயிலில் கிடந்து கிடந்து ஸ்டாண்டைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் கப் ஓரமெல்லாம் சுருண்டு போயிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை.

போன் மாட்டினாலே ஃபைன் என்று ஒரு பேச்சு உண்டு, அப்படியெல்லாம் இல்லை. 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிப்படி வழி பார்க்கப் போனைப் பயன்படுத்தலாம், ஓட்டுகிறவர் கவனம் கலையாத வகையில். கையில் பிடித்துப் பேசினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு: முதல் முறைக்கு 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவுக்குள் போனாலும் இதே பிரிவுதான்.

இப்போது ஸ்டாண்டை ஏசி வென்ட்டில் மாட்டிவிட்டேன், பார்வையை மறைக்காது. டேஷ்போர்டில் ஒட்டலாமே என்றால், இடது பக்கம் ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடிமேல் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள். மோதினால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்துத் திறக்கும், மேலே இருப்பது கல் மாதிரி முகத்துக்கு வரும். அத்தான் காரில் அதே இடத்தில்தான் பித்தளைப் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். சொன்னேன். "அவரையா எடுக்கச் சொல்றே?" என்று முறைத்தார்.