மகளின் பிளஸ் ஒன் பாடத் தேர்வு: உளவியலா, பொருளியலா?

சென்னையில் உள்ள ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் என் மகள் இப்போது பிளஸ் ஒன் ஹியூமானிடீஸ் பிரிவில் உளவியலையும் கணிதத்தையும் சேர்த்துப் படிக்கிறாள். இவ்விரண்டையும் ஒரே மாணவி எடுக்கக் கூடாது என்று வாரியத்தின் விதிகளில் எங்கும் இல்லை. இருந்தும் அந்தச் சேர்க்கையை வாங்குவதற்குள் எங்கள் கோடை விடுமுறையின் பெரும்பகுதி பள்ளி அலுவலகத்தின் வாசலிலேயே கழிந்துவிட்டது. அந்த ஆற்றாமை இன்னும் தீராத நிலையில்தான் இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் விண்ணப்பம், மாற்றுச் சான்றிதழ், கட்டணம் எல்லாம் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தன. விருப்பப் பாடத் தாள் கைக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. அதில் ஆங்கிலம், வரலாறு, அரசியல் அறிவியல் ஆகிய மூன்றும் எல்லோருக்கும் பொது. மீதி இரண்டு இடங்களுக்குப் பொருளியலும் கணிதமும் ஒரு கட்டாகவும், உளவியலும் உடற்கல்வியும் இன்னொரு கட்டாகவும் அச்சிடப்பட்டிருந்தன. உளவியல் வேண்டுமென்றால் கணிதத்தைக் கைவிட வேண்டும் என்பதை அந்தத் தாள் வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லியது.

இதைப் பற்றிக் கேட்டபோது அலுவலக எழுத்தர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "கணக்கு வராத பிள்ளைகளுக்குத்தான் சைக்காலஜி. உங்கள் பெண் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், எகனாமிக்ஸ் போடுங்கள்" என்றார். மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கும் ஒரு பாடத்தை, அதன் புத்தகத்தைத் திறந்தும் பார்க்காத ஒருவர், மதிப்பெண் குறைந்தவர்களுக்கு உரியது என்று ஒதுக்கிப் பேசியது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பதினொன்றாம் வகுப்பு உளவியல் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயமே ஆய்வு முறைகளைப் பற்றியது. ஒரு பரிசோதனையை எப்படி அமைப்பது, எதை மாறியாக (அதாவது மாறக்கூடிய, அளந்து பார்க்கும் அம்சமாக) கொள்வது, இரண்டு மாறிகளுக்கு இடையிலான தொடர்பை எப்படிப் பார்ப்பது என்றுதான் அந்த அத்தியாயம் போகிறது.

உறவினர்களின் அறிவுரையும் ஏறக்குறைய இதே திசையில்தான் இருந்தது. பொருளியலுக்கு 'ஸ்கோப்' உண்டு, உளவியலுக்கு இல்லை என்றார்கள். பள்ளியில் பொருளியல் எடுக்காவிட்டால் கல்லூரியில் அதன் பக்கமே போக முடியாது என்றும் அச்சுறுத்தினார்கள். இந்த இரண்டாவது கூற்றை நாங்கள் விடாமல் சரிபார்த்தோம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஹானர்ஸ் பட்டப்படிப்பில் சேர, சி.யு.இ.டி. எனப்படும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வில் கணிதமோ பயன்பாட்டுக் கணிதமோ கட்டாயம். பள்ளிப் பொருளியல் கட்டாயம் இல்லை. அங்கேயே உளவியல் ஹானர்ஸ் சேர்வதற்குப் பள்ளி உளவியலும் கட்டாயம் இல்லை. ஆகவே எங்கள் மகளுக்கு இரண்டு கதவுகளும் திறந்திருக்க வேண்டுமானால், கையைவிட்டுப் போகக் கூடாத பாடம் கணிதம்தான் என்பது தெளிவாயிற்று. உளவியலை எடு, கணிதத்தை விடு என்ற அந்தக் கட்டு எவ்வளவு அநியாயமானது என்பது அப்போதுதான் எங்களுக்கு முழுமையாக உறைத்தது.

எந்தப் பாடம் என்பதை மகளே முடிவு செய்தாள். பாடப் புத்தகங்களை வெளியிடும் மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் தளத்தில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பதிவிறக்கி, பொருளியலில் தேவை பற்றிய பகுதியையும், புள்ளியியலில் சராசரி, இடைநிலை வரும் பகுதியையும், உளவியலில் நினைவாற்றல் அத்தியாயத்தையும் அவள் நிதானமாகப் படித்தாள். பொருளியல் அவளுக்குக் கடினமாகவும் இல்லை, சலிப்பாகவும் இல்லை. ஆனால் உளவியலைப் படித்த இரவுகளில் அவள் எங்களிடம் வந்து கேள்வி கேட்டாள். பொருளியலுக்கு 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வும் 20 மதிப்பெண் திட்டப்பணியும் இருக்க, உளவியலுக்கு 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வும் 30 மதிப்பெண் செய்முறையும் இருக்கின்றன. அந்தச் செய்முறையும் அவளை ஈர்த்தது. பிளஸ் டூவில் உளவியல் படித்ததும் ஆலோசகராகிவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர் ஆக அதற்கென்றே உள்ள உயர்கல்விப் பயிற்சியும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவும் வேண்டும். இதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் முடிவெடுக்கச் சொன்னோம்.

அதன் பிறகு தொடங்கியது அலைச்சல். "உளவியலோடு கணிதம் சேர்க்க போர்டு அனுமதிக்காது" என்று எழுத்தர் சொன்னார். ஒருங்கிணைப்பாளரும் அதையே சொன்னார். ஒரு நாள் கையொப்பமிட வேண்டியவர் விடுப்பு; இன்னொரு நாள் தாளே காணவில்லை, புதிதாக நிரப்பிக் கொடுங்கள் என்றார்கள். கடைசியில் வாரியத்தின் பாடத்திட்ட அறிக்கையை அச்செடுத்து, பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் உள்ள பக்கத்தில் கோடிட்டு, "எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்" என்ற ஒரே கேள்வியுடன் துணை முதல்வருக்குக் கடிதமாகக் கொடுத்தோம். அவர் அதைப் படித்துவிட்டு, விதி எதுவும் இல்லை, நேர அட்டவணையில் இரண்டு வகுப்புகளும் மோதுவதுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டார். இதே விருப்பத்தோடு வேறு சில மாணவர்களும் இருந்தது தெரிந்ததும், மோதிய பாடவேளைகளை மாற்றி அமைத்துக் கொடுத்தார். அந்தக் கனிவுக்கு நாங்கள் நன்றியுடையவர்கள். ஆனால் அந்த உண்மையை முதல் நாளே சொல்லியிருக்கலாம் அல்லவா? போர்டின் பெயரைச் சொன்னால் பெற்றோர் திரும்பிப் போய்விடுவார்கள் என்பது அலுவலகங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாய்மொழியாக மறுக்கப்படுவதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே அது தளர்ந்துவிடும்.

வகுப்புகள் தொடங்கி, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தபோது, வாரியப் பதிவுக்கான சரிபார்ப்புத் தாள் வீட்டுக்கு வந்தது. பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. பாடக் குறியீடுகளில் கணிதத்தின் 041 இருந்தது. உளவியலின் 037 இருக்க வேண்டிய இடத்தில் பொருளியலின் 030 இருந்தது. பொருளியலும் கணிதமும் சேர்ந்த பழைய பாடக் கட்டையே அப்படியே கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். மகள் தினமும் உளவியல் வகுப்பில் உட்கார்ந்திருக்க, வாரியத்தின் பதிவில் பொருளியல் மாணவியாகப் போயிருப்பாள். பதினொன்றாம் வகுப்பில் படித்த பாடத்தைத்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எழுத முடியும் என்பதால், இது பிறகு தெரியவந்திருந்தால் எங்கே போய் நிற்பது என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் பெயரின் எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். தயவுசெய்து குறியீடுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

துணை முதல்வரின் ஒப்புதல் கடிதம் கையில் இருந்ததால் திருத்தம் அன்றே நடந்தது. திருத்திய தாளின் நகலை முத்திரையோடு கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வுக்கான மாணவர் பட்டியலைப் பள்ளி அனுப்பும்போது அதனோடு மறுபடியும் ஒப்பிட வேண்டும்.