எண்ணெய்த் தலையும் மூளை அலையும்

சென்ற மார்கழியில் ஒரு காலை, தண்டையார்பேட்டை வீட்டில் குளித்துவிட்டு வெளியே வந்த நான் நினைவிழந்து விழுந்தேன். கை வெட்டி இழுத்ததாக அம்மா சொன்னார். வலிப்பா, வெறும் மயக்கமா என்று தெளிவதற்காக நரம்பியல் மருத்துவர், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி., காந்தத்தால் மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. என இரண்டு பரிசோதனைகளை எழுதிக்கொடுத்தார். இருப்பது ஒரு மூளை, அதற்கு எதற்கு இரட்டைச் செலவு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

முதல் முறை இ.இ.ஜி. எடுக்காமலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெறுந்தலையோடு வெளியே போகக் கூடாது என்று அம்மா தேய்த்துவிட்ட தேங்காய் எண்ணெய்தான் காரணம். உச்சந்தலையில் கிடைக்கும் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் 10 லட்சத்தில் சில பத்துப் பங்குதான் என்பதால், எண்ணெய்ப் பசை இருந்தால் மின்முனை தோலோடு சரியாகத் தொடர்பு கொள்ளாது. இதைச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு அரை நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

உறக்கம் குறைந்த மூளையில் கோளாறு எளிதில் வெளிப்படும் என்பதால், மறுமுறை நள்ளிரவுக்கு மேல் தூங்கக் கூடாது என்றார்கள். விழித்திருக்க மச்சானோடு காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போனேன். டீயும் குடிக்கக் கூடாதென்று சொல்லியிருந்ததால், அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பரிசோதனை அறையில் தொழில்நுட்பர் அக்கா தையற்காரரைப் போல டேப்பால் மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை அளந்து, அந்த நீளத்தில் 10, 20 விழுக்காட்டுக் கணக்கில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியையும் சொரசொரப்பான களிம்பால் தேய்த்து, வெள்ளைப் பசை அப்பி, காதுகளையும் சேர்த்து 21 மின்முனைகளை ஒட்டினார். "கண்ணை மூடுங்க தம்பி" என்றார். கண்ணை மூடியதும் பின்மண்டைப் பகுதியில் நொடிக்கு 8 முதல் 13 முறை எழும் ஆல்ஃபா அலை தெரிந்ததைப் பிறகு திரையில் காட்டினார். 1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் மனித மூளை அலைகளை முதன்முதலில் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கர் கண்டதும் இதே அலையைத்தான். மூன்று நிமிடம் வேகமாக மூச்சு வாங்க வைத்தார்கள். கண்ணெதிரே விளக்கை மின்ன விட்டார்கள். கடைசியில் நன்றாகத் தூங்கிப்போனேன்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் அரைஞாண் கயிற்றிலிருந்த தாயத்தைக் கழற்றச் சொன்னார்கள். அங்கிருந்த 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலியது. உள்ளே தகரக் கொட்டகைமேல் சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம்.

நான் நினைப்பதெல்லாம் இதில் தெரியுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, இது மூளையின் அமைப்பை மட்டும் காட்டும் படம் என்றார் அங்கிருந்தவர். செயல்பாட்டைப் பார்ப்பதற்கான எஃப்.எம்.ஆர்.ஐ. வேறு, 1990இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா விளக்கிய, ரத்த ஆக்சிஜன் மாறுபாட்டைப் பின்தொடரும் முறை அது. ஆனால் ரத்த ஓட்டம் உச்சத்தைத் தொடச் சில நொடிகளாகும், இ.இ.ஜி.யோ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் நடப்பதையும் பிடித்துவிடும், எந்த இடம் என்பதில்தான் தடுமாறும். ஒன்று மூளையின் அமைப்பைப் பார்க்க, மற்றது அதில் நொடிக்கு நொடி நடப்பதைப் பிடிக்க என்று இரண்டு சீட்டுக்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது.

இரண்டு அறிக்கைகளுமே இயல்பு என்று வந்தன. அரைமணி நேரப் பதிவில் ஒன்றும் சிக்காததால் வலிப்பு இல்லையென்று ஆகிவிடாது என்ற மருத்துவர், அறிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பி, எந்தக் கை முதலில் இழுத்தது, எவ்வளவு நேரம், கண் எந்தப் பக்கம் போனது என்று நிதானமாகக் கேட்டு ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.