நுரையீரல் புற்றுநோயோடு ஒரு துணை தேடி அலைந்த கதை

புற்றுநோயாளிகள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் தெம்பு கொடுக்கிற கூட்டத்துக்கு முதல் தடவை போன அன்று கூட்டமே நடக்கவில்லை. காலை 6 மணிக்கு வத்தலக்குண்டில் பஸ் ஏறி, மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, மூச்சு வாங்க வாங்க இரண்டாவது மாடி ஏறிப் போனால் அறை பூட்டிக் கிடந்தது. பக்கத்து மேசையில் இருந்த பெண், "மேடம் லீவு, அடுத்த மாசம் வாங்க" என்றார். முந்தின வாரம்தான் படிவத்தில் என் போன் நம்பரை இரண்டு இடத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். ஒரு போன் பண்ணியிருக்கலாம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, இரண்டு தடவை ஊசி போட்டு எடுத்த உடம்பு இது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. வயது 51. விடாத இருமலுக்கு, சளியில் கிருமி தெரியாமலேயே மூன்று மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் சி.டி. ஸ்கேன், பயாப்சி, மரபணுப் பரிசோதனை என்று போய், அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய், பரவிவிட்ட நாலாம் நிலை, கட்டியில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்று தெரிந்தது. அந்த மாற்றத்தைக் குறிவைத்து வேலை செய்கிற ஜெஃபிடினிப் 250 மி.கி. மாத்திரை, தினம் ஒன்று. மூன்று வாரத்தில் இருமல் நின்றது. சிகிச்சையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த நோயோடு நடமாடுகிற இன்னொரு ஆளை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் எல்லோரும் தாங்கினார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு "இந்த மாத்திரை எத்தனை நாள் கேட்கும்?" என்று மனசு கேட்கும்போது அதை யாரிடம் சொல்வது? மகளிடம் சொன்னால் அவள் தூங்க மாட்டாள். தெருவில் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "வீட்டுக்காரர் சிகரெட் குடிப்பாரோ?" என்றுதான். என் வீட்டில் யாரும் குடித்ததில்லை. இருபது வருஷம் விறகடுப்பில் ஊதியிருக்கிறேன், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் இதை விளக்கிச் சொல்லியே களைத்துப் போனேன்.

அடுத்த மாதம் போன் பண்ணி உறுதி செய்துகொண்டு போனேன். கூட்டம் நடந்தது. வந்திருந்த பதினான்கு பேரில் பதிமூன்று பேருக்கு மார்பகப் புற்றுநோய். நல்ல மனுஷிகள், பழச்சாறு கொடுத்து அன்பாக உட்கார வைத்தார்கள். "கீமோ எத்தனை முடிஞ்சது?" என்று ஒருவர் கேட்டார். மாத்திரை மட்டும்தான் என்றேன். "அப்ப உங்களுக்குச் சின்னதுதான், எப்ப முடியும்?" என்றார். இது முடிகிற சிகிச்சை இல்லை, மருந்து கேட்கிற வரைக்கும் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியது என்று சொன்னதும் அறையே அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் தாண்டியவர்களுக்குச் சால்வை போட்டார்கள். நானும் கை தட்டினேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் மேல் தப்பு இல்லை. ஆனால் நாலாம் நிலையில் இருப்பவர்கள், மாத்திரையோடு வாழ்கிறவர்கள் போவதற்கு முன்னால், "என் வகை நோய் உள்ளவர்கள் யாராவது வருவார்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்கவில்லை.

மூன்றாவது முயற்சி வாட்ஸ்அப் குழு. அக்கா மகன் லிங்க் அனுப்பினான். இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள், பாதிப் பேர் காலை வணக்கம் போடுகிறவர்கள். ஆர்வத்தில் என் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அப்படியே போட்டேன். பெயர், வயது, ஆஸ்பத்திரி நம்பர் எதையும் மறைக்கவில்லை. மறுநாளே ஒருவர் கூப்பிட்டார். முள் சீத்தா இலைப் பொடி, மாதம் 4,500 ரூபாய், "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டு 48 நாள் சாப்பிடுங்கம்மா" என்றார். மறுத்த பிறகும் பத்து நாள் விடவில்லை. கடைசியில் நம்பரைப் பிளாக் செய்தோம். தயவுசெய்து ரிப்போர்ட்டை எங்கேயும் பெயரோடு போடாதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

மகள் வேறு வழியில் தேடினாள். அமெரிக்காவில் 2017-இல் நோயாளிகளே சேர்ந்து தொடங்கிய ஈஜிஎஃப்ஆர் ரெசிஸ்டர்ஸ் என்ற அமைப்பு, இந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்காகவே இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவள் படித்துத் தமிழில் சொல்வாள். நாலாம் நிலையோடு வருஷக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு என்பதை முதலில் அங்கேதான் தெரிந்துகொண்டேன். அது பெரிய தெம்பு. இந்தியாவில் அடினோகார்சினோமா வருபவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருக்கிறது என்றும் அப்போதுதான் தெரிந்தது. அப்படியானால் என்னைப் போன்றவர்கள் மதுரையில் மட்டும் எத்தனை பேர் இருப்பார்கள்? எங்கே இருக்கிறார்கள்?

என் பக்கத்து பெஞ்சில்தான் இருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை ரிவியூவுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு அம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கும். கன்னத்திலும் மூக்கிலும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு வருகிற மாதிரி பரு. இரண்டு கட்டை விரலிலும் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். இந்த மாத்திரையின் பக்கவிளைவால் என் முகமும் அப்படித்தான் இருந்தது, என் விரலிலும் நகக்கண் பழுத்துச் சீழ் வைத்திருந்தது. அவரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

"ஜெஃபிடினிப்பா?"

"ஆமா. எத்தனை மாசம்?"

"பதினாலு."

அந்தப் பதினாலு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியை இங்கே எழுதத் தெரியவில்லை. எனக்கு அப்போது ஐந்தாவது மாதம்.

மேலூர் அக்கா, அப்படித்தான் கூப்பிடுகிறேன், மல்லிகைப்பூ கட்டி விற்பவர். "பூண்டு உரிக்காம இருந்துக்கலாம். பூ கட்டக் கட்டை விரல் வேணுமே" என்றார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலையும் மாலையும் விரலை ஊற வைக்கச் சொன்னார். நகத்தை ஓரம் வரை ஒட்ட வெட்டாதே, சீழ் வைத்தால் டாக்டரிடம் காட்டி ஆயின்மென்ட் வாங்கிக்கொள் என்றார். பரு வந்த முகத்தோடு வெயிலில் அலையாதே என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "கேஸ் மாத்திரை ஏதும் போடுறியா?"

போட்டுக்கொண்டுதான் இருந்தேன். நெஞ்சு எரிகிறது என்று எங்கள் ஊர் டாக்டரிடம் போனபோது எழுதிக் கொடுத்தது, தினமும் வெறும் வயிற்றில். ஜெஃபிடினிப் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை சேர்ந்தால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். ஊர் டாக்டர் ஜெஃபிடினிப் சாப்பிடுகிறேனா என்று கேட்கவில்லை, புற்றுநோய் டாக்டரிடம் நானும் கேஸ் மாத்திரையைச் சொல்லவில்லை. அன்றைக்கே உள்ளே போய்க் கேட்டேன். டாக்டர் அதை நிறுத்தி, நெஞ்செரிச்சலுக்கு வேறு வழி சொன்னார். நாலு மாதம் ஆகியிருந்தது. நீங்கள் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், சூரணம் லேகியம் உட்பட, ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு ரிவியூவிலும் காட்டுங்கள்.

அதன் பிறகு ஆள் சேர்ந்தது எளிதாகத்தான் நடந்தது. டே கேர் சிஸ்டரிடம் போய் நம்பர் கேட்டேன். மற்ற நோயாளியின் நம்பரைத் தர முடியாது என்றார், அது சரிதான். "அப்ப என் நம்பரை அவங்ககிட்ட கொடுங்க, விருப்பம் இருந்தா அவங்களே கூப்பிடட்டும்" என்றேன். அதற்குச் சம்மதித்தார். இதை நீங்களும் செய்யலாம். நாலு மாதத்தில் ஒன்பது பேர் ஆனோம். வியாழக்கிழமைகளில் கேன்டீன் பின்பக்க வேப்ப மரத்தடியில் உட்காருவோம். மருந்து விற்பனை கூடாது, ஸ்கேன் எடுத்தவர் தானாகச் சொல்லும் வரை "என்ன ஆச்சு" என்று கேட்கக் கூடாது. இந்த இரண்டாவதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற அந்த நாள்களை அனுபவித்தவர்களுக்குத்தான் அது புரியும்.

உசிலம்பட்டி ஐயா பற்றிச் சொல்ல வேண்டும். கீமோவுக்கு வருபவர். மரத்தடிக்கு வருவார், ஆனால் தள்ளி, திட்டின் ஓரத்தில் உட்காருவார், பேச மாட்டார். மூன்றாவது வாரம் டீயோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நாப்பது வருஷம் பீடி குடிச்சவன்மா நான். நீங்க எல்லாம் ஒரு பாவமும் செய்யாதவங்க. உங்களோட உட்கார எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார்.

புதிதாக யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது, "எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை, அப்படியும் வந்துருச்சு" என்பதுதான். தெருவில் என்னைக் குத்தியவர்களுக்குப் பதிலாகப் பழகிய வார்த்தை. அதை அவர் ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். கையை ஆட்டி மறுத்தார், ஆனால் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து மரத்தடியில் யார் என்ன குடித்தார் என்ற பேச்சே எடுப்பதில்லை. ஐயா இப்போது நடுவில் உட்காருகிறார். கீமோவுக்கு மறுநாள் கஞ்சியைக்கூட எப்படிக் குடித்து வைப்பது என்று அவரைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை.

ஒருவர் இறந்தும் போனார். அடுத்த வாரம் நாலு பேர் வரவில்லை, எனக்கும் போகப் பிடிக்கவில்லை. அந்த ராத்திரி 14416-க்கு, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு, போன் பண்ணினேன். தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். நோயைப் பற்றி அறிவுரை சொல்லவில்லை, அழுது முடிக்கும் வரை கேட்டார்கள். நம் ஆள்களிடம் சொல்லவே முடியாத சில ராத்திரிகளுக்கு அந்த நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாத ஸ்கேனில் மேலூர் அக்காவுக்குக் கட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. மாத்திரை கேட்காமல் போவதற்கு டி790எம் என்ற புது மாற்றம் காரணமா என்று ரத்தத்தில் பார்க்கிறார்கள். அது இருந்தால் ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறலாம். ரிசல்ட் வரும் வியாழக்கிழமை. எனக்கு அன்று ரிவியூ இல்லை. ஆனாலும் 6 மணி பஸ்ஸுக்குப் போகிறேன். ஐயாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.