பதின்மூன்று வயதில் ஆடிய ஆட்டம்: படிப்புக் குறிப்புகள்

நவம்பர் 3, திங்கள்

அக்கா மகனுக்கு ஜூனியர் செஸ் போட்டி நெருங்குகிறது. புதுசு புதுசாக ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு, ஒரே ஆட்டத்தை ஆழமாகப் படிக்கலாம் என்றேன். 1956 அக்டோபர் 17, நியூயார்க், மார்ஷல் செஸ் கிளப். வெள்ளை டொனால்ட் பைர்ன், கறுப்பு பாபி ஃபிஷர். அந்த ஆண்டுதான் ஃபிஷர் அமெரிக்க ஜூனியர் சாம்பியன் ஆகியிருந்தான், வயது 13.

நகர்த்தல்களைத் தாளால் மூடிக்கொள்கிறோம். அவன் தன் நகர்த்தலைக் காரணத்தோடு நோட்டில் எழுதிய பிறகுதான் தாள் ஒரு வரி இறங்கும். இன்ஜின் (செஸ் கணிக்கும் கணினி நிரல்) பக்கமே போகக் கூடாது.

நவம்பர் 5, புதன்

11-வது நகர்த்தலிலேயே மாலை முழுதும் போனது. பைர்ன், எஃப்4-ல் (பலகைக் கட்டத்தின் பெயர்) இருந்த மந்திரியை மறுபடி எடுத்து ஜி5-ல் வைக்கிறார். அவர் ராஜா இன்னும் இ1-ல். இன்னொரு மந்திரியை இ2-க்குக் கொண்டுவந்திருந்தால் கோட்டை கட்டி, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்தி, ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்தியிருக்கலாம்.

பதிலுக்கு ஃபிஷர் குதிரையை ஏ4-ல் வைக்கிறான்.

"மாமா, சி3 குதிரை அதை வெட்டிடுமே?"

"வெட்டட்டும். அடுத்து என்ன ஆகும்னு போர்டுல வச்சுக் காட்டு."

காட்டினான். வெள்ளை வெட்டினால் கறுப்பின் மற்றக் குதிரை இ4 சிப்பாயை எடுத்து, சி5 ராணியையும் ஜி5 மந்திரியையும் ஒரே நேரத்தில் தாக்கும். மந்திரி இ7-ஐ வெட்டி எதிர்த்தாக்குதல் செய்தாலும், ராணிக்கு ராணி போய், கறுப்பு ஏ4 குதிரையையும் எடுத்துவிடும். கடைசியில் கறுப்புக்கு ஒரு சிப்பாய் லாபம், வெள்ளையின் சிப்பாய் வரிசை உடைந்து கிடக்கும். இவ்வளவையும் அவனே காய்களை நகர்த்திக் கண்டுபிடித்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நவம்பர் 8, சனி

17-வது நகர்த்தல்: மந்திரி இ6. ஃபிஷர் தன் ராணியை வெட்டுக்கு விட்டுவிடுகிறான். உலகமே கொண்டாடும் நகர்த்தல் இதுதான். செஸ் எழுத்தாளர் ஹான்ஸ் க்மோக் இந்த ஆட்டத்தை 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று எழுதியதற்கும் இதுவே முக்கியக் காரணம். வெள்ளை ராணியைத் தொடாமல் இ6 மந்திரியை வெட்டினால், ராணி பி5-ல் செக், பிறகு குதிரை செக்குகள், எஃப்1-ல் ராணி பலி, குதிரையால் மேட். சொந்தக் காய்களே ராஜாவை அடைத்து நிற்கும்.

ஆனாலும் ஆட்டம் முன்னேற வேண்டுமென்றால் ஏ4-ஐத்தான் படிக்க வேண்டும் என்பேன். இ6 வரும்போது கறுப்புக்கு வேறு நல்ல வழியே இல்லை. குதிரையை பி5-க்கு இழுத்தால், வெள்ளை மந்திரி எஃப்7-ல் செக் கொடுத்து வெட்டி ஆட்டத்தைத் திருப்பிவிடும். ஏ4 வந்தபோதோ பலகை அமைதியாக இருந்தது. வெள்ளை ராஜா நடுவில் மாட்டியிருக்கிறது என்பதைப் பார்த்து, அதற்காகவே ஃபிஷர் தாக்குவதற்கான கோடுகளைத் திறக்கிறான். போட்டியில் பிள்ளைகள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

நவம்பர் 13, வியாழன்

ராணிக்குப் பதிலாக ஒரு யானை, இரண்டு மந்திரிகள், ஒரு சிப்பாய். ஒன்றையொன்று காத்து நிற்கும் காய்கள். வெள்ளை ராணி தனியாக அலைகிறது, எச்1 யானை வெளியே வரவே நாளாகிறது. 41-வது நகர்த்தலில் சி2-ல் யானையால் மேட்.

சனிக்கிழமை 25-வது நகர்த்தலுக்குப் பிந்தைய நிலையை வைத்து, கடிகாரத்தோடு ஆடப்போகிறோம். கறுப்பு அவனுக்கு. அது முடிந்த பிறகுதான் இன்ஜினைத் திறப்போம்.