மண்ணைப் பற்றிச் சமூகவியலில் பிஎச்.டி.: மண்வள அட்டையை நம்பி இறங்குபவர்களுக்கு

நெட் தகுதித் தேர்வு, நேர்காணல், கோர்ஸ் ஒர்க் எல்லாம் மற்ற தலைப்புகளுக்கு எப்படியோ அப்படித்தான். ஒன்று மட்டும் கவனம்: ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) கிடைக்காதவர்களின் நெட் மதிப்பெண், பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும்.

ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டியில் முதல் முட்டுக்கட்டை. தலைப்பில் ‘மண்’ என்று இருந்தாலே, "இது அக்ரி ஆளுங்க சப்ஜெக்ட் ஆச்சே?" என்று கேட்பார்கள். அதனால் கேள்வியை மனிதர்களை வைத்தே எழுதுங்கள். தொழு உரத்தின் பலன் இரண்டு மூன்று போகத்துக்கு நீளும். ஒரு வருடக் குத்தகைக்காரர் அடுத்தவர் அறுக்கப்போவதற்கு ஏன் வண்டி வண்டியாக எரு அடிக்க வேண்டும்? நில உறவு மண்ணின் கரிமச் சத்தில் எப்படித் தெரிகிறது என்று கேட்டால் கமிட்டி வாயடைத்துப்போகும்.

பெரிய அடி மண்வள அட்டையில்தான். விவசாயியின் மண்ணைச் சோதித்து அரசு தரும் அட்டை அது, 2015 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம். அட்டையில் 12 அளவுகள் இருக்கும். அதைக் குடும்பக் கணக்கெடுப்போடு பொருத்திவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் தொடக்கச் சுற்றுகளில் மாதிரி எடுத்தது நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து: பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் கையில் ஒரு ஹெக்டேர்கூட இல்லை, அதனால் ஒரே மாதிரியின் முடிவு பலரின் அட்டையில் ஏறும். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்களின் அட்டைகளை அடுக்கிப் பார்த்தபோது கார அமிலநிலை முதல் போரான் வரை புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்கூட மாறவில்லை. அதை வைத்து வீட்டுக்கு வீடு ஒப்பிட்டால் ஆய்வேடு நிற்காது. குத்தகைக்காரர் பெயரில் பெரும்பாலும் அட்டையே இருக்காது, பட்டாதாரர் பெயரில்தான் இருக்கும். யார் உழுகிறார்களோ அவர்களே தரவில் காணாமல் போவது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எந்தக் கட்டத்தில் எடுத்த மாதிரி என்று அறியப் பதிவேடு வேண்டும். வட்டார வேளாண் அலுவலகத்தில் "ஜே.டி. ஆபீஸ்ல கேளுங்க" (வேளாண் இணை இயக்குநர் அலுவலகம்) என்றார்கள். அங்கே போனால் "பிளாக்லதான் இருக்கும்". துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தில் முத்திரை இல்லை என்று வேறு திருப்பினார்கள். இந்த அலைச்சலே வேண்டாம், முதலிலேயே தகவல் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். ‘ஏன்’ என்று கேட்டால் பதில் வராது, ஆவண நகலைக் கேளுங்கள். விவசாயி பெயர், செல்போன் எண் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிட்டால் தனிநபர் தகவல் என்று மறுப்பது கடினம். கிராமம், மாதிரி எண், எடுத்த ஆண்டு, 12 அளவுகள் போதும். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அப்படித்தான் பதிவேட்டு நகல் கைக்கு வந்தது.

இருந்தாலும் வயல்வாரியான மாதிரியை நீங்களே எடுத்தாக வேண்டும். வயலில் பல இடங்களில் ‘V’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்ட வேண்டும். வரப்பு, மரநிழல், எருக்குழிப் பக்கம் கூடாது. நாகப் பூச்சுள்ள இரும்பு வாளியில் கலந்தால் துத்தநாக அளவு பொய்யாக ஏறும், பிளாஸ்டிக் வாளி எடுங்கள். கலந்த மண்ணை நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை நீக்கி, மீதியை மறுபடி அப்படியே பிரித்து அரை கிலோவாக்கி, நிழலில் உலர்த்துங்கள். மாதிரிப் பையில் போடும் சீட்டில் பேனா வேண்டாம். ஈரத்தில் அழிந்துவிடும், பென்சில்தான். ஆய்வகத்தில் விவசாயி பெயரில்தான் பதிவார்கள். உங்கள் குறியீட்டெண்ணையும் ரசீதிலேயே எழுதி வாங்காவிட்டால், முடிவு வரும்போது எது எந்த வீடு என்று தெரியாது.

வயலில் கொட்டும் ஏரி வண்டலைப் பற்றிக் கேட்க விட்டுவிடாதீர்கள். தாசில்தார் அனுமதியில் நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 வரை எடுக்கலாம். அனுமதி யார் பெயரில், டிராக்டர் யாருடையது, மண் கொட்டியது யார் வயலில் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மண் மாதிரி, அறுவடை முடிந்து அடுத்த உரம் விழுவதற்கு முன்னால் எடுக்க வேண்டியது. நெறிமுறைக் குழு அனுமதியை அந்த இடைவெளிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். தவறினால் அடுத்த அறுவடைவரை காத்திருக்க வேண்டும்.